இரண்டு படம், ஒரு மலை

அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “எழும்புதா?”

மேஜையில் இரண்டு கறுப்பு வெள்ளை விமானப் படங்கள் கிடக்கும். அவற்றுக்கு மேல் குட்டி ஸ்டூல் மாதிரி கால் ஊன்றி நிற்கும் மிரர் ஸ்டீரியோஸ்கோப். குனிந்து பார்த்தால் முதலில் இரண்டு படமும் ஒன்றின் மேல் ஒன்று நழுவிக்கொண்டே இருக்கும். ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தி, மற்றதைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அந்த நொடியில் தட்டைக் காகிதத்திலிருந்து மலை கிளம்பி மூக்குக்கு நேரே வந்து நிற்கும். சிலருக்கு முதல் நாளே எழும்பிவிடும். சிலருக்கு எத்தனை நாள் ஆனாலும் எழும்பாது. அவர்களை மெதுவாக வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

அவருக்கு முதல் நாளே எழும்பியது. இங்கே ‘அவர்’ என்று மட்டும் குறிப்பிடப்படுகிறவர், நிலத்தடி நீர் தேடும் அரசுப் பிரிவொன்றில் விமானப் படம் படித்தே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. அங்கே தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் நிற்கும். அந்த வெடிப்புகள் தரையில் நடப்பவன் கண்ணுக்குப் படுவதில்லை. மேலிருந்து பார்த்தால் மரங்கள் வரிசை கட்டி நிற்பதும், ஓடைகள் ஒரே கோட்டில் வளைவதும் காட்டிக்கொடுத்துவிடும். தர்மபுரிப் பக்கத்துக் குன்றுகளை அவர் கால் வைப்பதற்கு முன்பே ஸ்டீரியோஸ்கோப்பில் ஏறி இறங்கியிருக்கிறார். விமானப் படங்கள் அப்போது பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் இருந்தவை. காலையில் கையெழுத்துப் போட்டு பீரோவிலிருந்து எடுத்து, மாலையில் எண்ணிப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும்.

டேராடூனில் 1966-இல் தொடங்கப்பட்ட இந்திய விமானப்பட விளக்கக் கழகத்துக்கு எழுபதுகளின் பிற்பகுதியில் பயிற்சிக்காக அனுப்பினார்கள். அங்கேதான் இதன் பூர்வீகம் தெரியவந்தது. லண்டனில் சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-இல் இரண்டு கண்ணாடிகளைச் சாய்த்து வைத்துச் செய்த கருவிதான் எல்லாவற்றுக்கும் மூலம். புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அடுத்த ஆண்டுதான் என்பதால் வீட்ஸ்டோன் கோட்டுச் சித்திரங்களை வைத்தே காரியத்தை முடித்தார். இரண்டு கண்ணும் காண்பது ஒரே காட்சி அல்ல. ஆறு, ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு எடுத்த இரண்டு படங்கள். அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கொண்டே மூளை ஆழத்தைக் கணக்குப் போடுகிறது. விமானம் செய்வதும் இதே காரியம், கொஞ்சம் பெரிய அளவில். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் அறுபது சதவீதம் நிலம் பொதுவாக இருக்கும்படி வரிசையாக எடுத்துக்கொண்டே போகும். பல நூறு மீட்டர் இடைவெளியில் கண்கள் வைத்த பூதம் பார்ப்பது போல, சின்னக் கரடுகூட அதில் செங்குத்துப் பாறையாகத் தெரியும். இடது படத்தை வலப்பக்கம் மாற்றி வைத்தால் மலை பள்ளமாகிவிடும், ஆறு வரப்பின் மேல் ஓடும். புதுப் பையன்களுக்கு அதைச் செய்து காட்டி மிரட்டுவது சீனியர்களின் பொழுதுபோக்கு.

இத்தனையும் சொல்லக் காரணம், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்வது என்றால் என்ன என்று பெரும்பாலோர் ஒரு நாளும் யோசிப்பதில்லை. அவர் அதைச் சம்பளத்துக்குச் செய்தவர். அதனால்தான், பணி ஓய்வுக்குப் பிறகு அது கைவிட்டுப் போனபோது, என்ன போயிற்று என்று அவரால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது.

சின்ன வயதிலிருந்தே மைனஸ் எட்டுப் பவர். கிட்டப்பார்வை அதிகமுள்ள கண் சற்று நீண்ட கண். உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், கிழிய வாய்ப்பு அதிகம். அறுபத்தைந்தைத் தாண்டிய ஒரு கோடையில் இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. கொசுக்கூட்டம் போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. அடுத்த நாள் கீழிருந்து ஒரு சாம்பல் திரை ஏறி வந்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் திரை நடுப்பார்வையை மூடிவிட்டிருந்தது. ரெட்டினா கழன்றுவிட்டது, மாகுலாவும் சேர்ந்து வந்துவிட்டது என்றார்கள். நேர்ப்பார்வைக்கான அந்த நடுப்பகுதி கழலுவதற்கு முன் ஆபரேஷன் நடந்தால் ஒரு கதை, கழன்ற பிறகு நடந்தால் வேறு கதை. இது இரண்டாவது.

நூறு வருஷத்துக்கு முன்பு இந்த நோய் வந்தால் அந்தக் கண் ஏறக்குறையப் போனதுதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ழூல் கோனின், விழித்திரையில் விழும் ஓட்டைதான் மூலகாரணம், அதை அடைத்தால் திரை மீண்டும் ஒட்டும் என்று 1920-களில் செய்து காட்டினார். ஓட்டை எங்கே என்று வெளியிலிருந்தே அளந்து, அந்த இடத்தில் சூடு வைத்தார். சர்வேயர் வேலைதான் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மயாமியில் ராபர்ட் மாக்கெமர், கண்ணுக்குள் இருக்கும் கூழை வெட்டி உறிஞ்சும் கருவியைக் கொண்டுவந்தார். அதற்கு முன் முட்டையின் வெள்ளைக் கருவில் வெட்டிப் பழகினாராம். விட்ரெக்டமி எனப்படும் அந்தச் சிகிச்சைதான் இவருக்கும் நடந்தது. கண்ணைச் சுற்றி மரக்க ஊசி. ஆனால் நினைவு இருந்தது. மேலே பச்சைத் துணி, உள்ளே வெளிச்சத்தில் நிழல் நிழலாக ஏதோ நீந்தியது. கடைசியில் கண்ணுக்குள் காஸ் அடைத்தார்கள்.

அந்த காஸ் குமிழியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. குமிழி கண்ணுக்குள் மேலே மிதக்கும். ஆனால் விழித்திரையில் காட்சி தலைகீழாக விழுவதால், பார்க்கிறவருக்குக் குமிழி கீழேயும் தெளிவு மேலேயும் தெரியும். நடுவில் ஒரு கோடு. தலையை எப்படிச் சாய்த்தாலும் அந்தக் கோடு சாயாது. வாழ்நாள் முழுதும் லெவல் பார்த்தவருக்குத் தலைக்குள்ளேயே ஒரு ரசமட்டம் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்! நாளாக ஆகக் கோடு இறங்கியது. மேலே உலகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. முதலில் மின்விசிறி, பிறகு காலண்டரின் முருகன், பிறகு எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவியின் நெற்றி.

அந்த நாட்களின் பெரும்பகுதி குப்புறப் படுத்தே போயிற்று. குமிழி பின்பக்கம் போய் விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கட்டளை. “என்னங்க, தூங்கிட்டீங்களா?” என்று கேட்டால் தரையைப் பார்த்தபடியே “இல்ல” என்று பதில் வரும். பயன்படுத்திய காஸ் ஆறிலிருந்து எட்டு வாரம் தங்கும் வகை. அது கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது, ஊட்டி, கொடைக்கானல் என்று மலையேறவும் கூடாது. உயரம் போனால் காற்றழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காஸ் விரியும், கண்ணின் அழுத்தம் எகிறும். மச்சினன் வீட்டுக் கல்யாணம் ஏற்காட்டில். தப்பித்தது நல்லதுதான் என்று அவர் அப்போது நினைத்ததை மனைவியிடம் சொல்லவில்லை.

குமிழி கரைந்தது. விழித்திரை ஒட்டியது. சில மாதங்களில், இந்த ஆபரேஷனுக்குப் பின் வழக்கமாக வருகிற கண்புரையும் வந்து, அதையும் எடுத்து லென்ஸ் வைத்தார்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் சார்ட் படித்தார்: ஆறுக்கு ஒன்பது. கடைசி வரிக்குச் சற்று மேலே. மாகுலா கழன்ற கண்ணுக்கு இது அமோகமான மார்க். டாக்டர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

“டாக்டர், ரெண்டு கண்ணையும் திறந்தா ஒத்துவரல” என்றார் இவர்.

“பழகிடும் சார். பார்வை நல்லா வந்திருச்சே.”

டாக்டர் சொன்னது பொய்யில்லை. சார்ட் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக விசாரிக்கிறது. இரண்டையும் ஒன்றாக உட்கார வைத்து விசாரிக்கும் சார்ட், வாசலில் வரிசையில் காத்திருக்கும் கூட்டத்தின் நெருக்கடியில் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. விழித்திரைக்காரர்கள் விழித்திரையைக் காப்பாற்றுவதில் கெட்டிக்காரர்கள். இத்தனைக்கும் அவர்களுடைய சொந்த வேலையே இரட்டைக் கண்ணை நம்பித்தான் நடக்கிறது. கண்ணுக்குள் பார்க்க அவர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் கருவியை வடிவமைத்தவர் சார்லஸ் ஷெப்பென்ஸ் என்ற பெல்ஜியக்காரர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் இருந்து, பொய்ப் பெயரில் பிரான்ஸின் மலையோரத்தில் மர அறுவை ஆலை நடத்துவதுபோல் நடித்து, ஆட்களை எல்லை தாண்டி ஸ்பெயினுக்கு அனுப்பியவர். அவருடைய கருவியின் முழுச் சிறப்பே, டாக்டர் இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் கிழிந்த விழித்திரையின் மேடு பள்ளம் தெரியும் என்பதுதான். பாஸ்டனில் அவரிடம் பயின்ற எஸ்.எஸ். பத்ரிநாத்தான் பிறகு சென்னைக்குத் திரும்பி 1978-இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்தவருக்கு என்ன நடந்தது என்றால், எல்லாமே ஒன்றேகாலாக இருந்தது. இரண்டிரண்டு என்று சொல்ல முடியாது. பேப்பரில் ஒரு வரிக்குச் சற்றுக் கீழே அதே வரி, கொஞ்சம் சின்னதாக, வெளிறிப்போய். எதிரே பேசுகிறவரின் முகத்துக்குள் இன்னொரு முகம் பொருந்தாமல் நின்றது. டம்ளருக்கு டிகாக்‌ஷன் ஊற்றினால் மேஜைக்குப் போயிற்று. இறங்கும்போது கடைசிப் படி இருக்கிறதா முடிந்துவிட்டதா என்று கால் தடவியது. மாடிப்படியின் ஓரங்களில் மகள் மஞ்சள் பெயின்ட் அடித்துக் கொடுத்தாள். கோடு பார்த்து இறங்குவது பழகிவிட்டது. ஸ்கூட்டர் பழகவில்லை. முன்னால் போகும் லாரி எவ்வளவு தூரம் என்பதை இரண்டு கண்ணும் இரண்டு விதமாகச் சொல்லும்போது எதை நம்புவது?

ஒற்றைக் கண்ணுக்கும் ஆழம் தெரியும் என்பது உண்மை. நிழல், ஒன்றை ஒன்று மறைப்பது, நடக்கும்போது பக்கத்து மரம் வேகமாகவும் தூரத்து மரம் மெதுவாகவும் நகர்வது என்று மூளைக்கு வேறு துப்புகள் உண்டு. ஒரு கண் முழுக்கவே போயிருந்தால் அவற்றை வைத்து ஓட்டிவிடலாம் என்று அவர் சில நாள் நினைத்தார். கெட்ட கண்ணைவிட, அரைகுறையாக நல்ல கண் தருகிற தொல்லை அதிகம்.

அந்தச் சமயத்தில் அவருக்கு அடிக்கடி ஞாபகம் வந்தவர் கிரிக்கெட் வீரர் பட்டோடி. 1961-இல் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் கார் விபத்து, வலது கண்ணில் கண்ணாடித் துண்டு. சில மாதத்தில் ஹைதராபாத்தில் இங்கிலாந்து அணிக்கு எதிராக ஆட இறங்கியபோது, கான்டாக்ட் லென்ஸோடு அவருக்கு இரண்டு பந்துகள் தெரிந்தன. உள்பக்கத்துப் பந்தைத் தேர்ந்தெடுத்து அடித்தார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு லென்ஸைக் கழற்றி, கெட்ட கண்ணை மூடிக்கொண்டு எழுபது வரை போனார். 1962 ஜனவரியில் சென்னை டெஸ்டில் நூற்று மூன்று. பதினோரு வயதுப் பையனாக அந்தச் சதத்தைப் பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டவர் இவர். அப்போது தெரு முழுக்க அந்தத் துணிச்சலைப் பேசியது. அறுபது வயது தாண்டி, ஒன்றேகால் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த இரண்டு பந்து விவகாரத்தின் முழு அர்த்தம் உறைத்தது. பட்டோடி பிறகு தொப்பியை வலது கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆடினார். ஸ்டைல் என்று நினைத்தவர்கள் உண்டு. மங்கலான இரண்டாம் படத்தை மறைக்கும் ஏற்பாடு அது.

இடிந்துபோய் உட்காருகிற ஆளாக இருந்திருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும். அவர் ஒரு கிராஃப் ஷீட் வாங்கி வந்து சுவரில் ஒட்டினார்.

இரு கண்களையும் மாற்றி மாற்றி மூடி, ஒரு கண்ணுக்குத் தெரிகிற கட்டத்தை இன்னொரு கண்ணின் கட்டத்தோடு ஒப்பிட்டார். இடது கண் காட்டிய பத்துக் கட்டம் வலது கண்ணின் ஒன்பதரைக் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. கோடுகள் நடுவில் லேசாக உள்வாங்கின. படம் முழுவதும் ஒரு மயிரிழை செங்குத்தாக இறங்கியிருந்தது. நோட்டில் எழுதி முடித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கோளாறுக்கு அலுவலகத்தில் அவர் ஆயிரம் முறை பெயர் சொல்லியிருக்கிறார்.

விமானம் ஒரு படத்தை எடுத்தபின் கொஞ்சம் உயர்ந்துவிட்டு அடுத்த படத்தை எடுத்தால் இரண்டாம் படத்தின் அளவுகோல் சிறுத்துவிடும். இறக்கை சாய்ந்தால் படம் கோணும். அப்போது ஒரே கிணறு ஒரு படத்தில் மேலேயும் மற்றதில் கீழேயும் நிற்கும். இதற்கு ஒய்-பாரலாக்ஸ் என்று பெயர். பக்கவாட்டு வித்தியாசம்தான் மூளைக்கு ஆழம். மேல் கீழ் வித்தியாசம் வெறும் தலைவலி. கொஞ்சம் இருந்தால் கண் வலிக்கும், அதிகமானால் மலை எழும்பவே எழும்பாது. அளவுகோலும் மட்டமும் ஒத்துவராத ஜோடியை “இது தேறாது” என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். இப்போது அவர் தலையிலேயே அப்படி ஒரு ஜோடி.

கண் மருத்துவமும் இதையேதான் வேறு பெயரில் சொல்கிறது. கழன்று மறுபடி ஒட்டிய விழித்திரை பழைய இடத்திலேயே நூல் பிசகாமல் ஒட்டுவதில்லை. நடுப்பகுதி இழுபட்டு விரிந்து ஒட்டினால், ஒளியுணரும் செல்கள் ஒன்றுக்கொன்று தள்ளிப் போகும். அதே பிம்பம் முன்பைவிடக் குறைந்த செல்கள் மேல் விழும். மூளை செல்களை எண்ணுகிறதே தவிர மில்லிமீட்டரை அளப்பதில்லை. எனவே பொருள் சிறுத்துத் தெரிகிறது. விழித்திரை மேல் சவ்வு வளர்ந்து சுருங்குகிறவர்களுக்கு நேர்மாறாக செல்கள் நெருங்கி, பொருள் பெருத்துத் தெரியும். காஸ் அடைத்த கண்களில் விழித்திரை கீழ்நோக்கிச் சரிந்து ஒட்டுவதை 2010-இல் ஜப்பானிய மருத்துவர்கள் படம் பிடித்தே காட்டினார்கள். ரத்தக் குழாய்கள் முன்பு இருந்த இடத்தில் அவற்றின் வெளிறிய தடம் மட்டும் தங்கியிருந்தது, நிஜக் குழாய் சற்று நகர்ந்திருந்தது. ஆற்றின் பழைய தடத்தை விமானப் படத்தில் எத்தனையோ தடவை கண்டுபிடித்தவர் இதைக் கேட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இதைச் சொன்னவர் ஒரு ஆர்த்தோப்டிஸ்ட். இரண்டு கண்களின் கூட்டு வேலையைப் பார்ப்பதற்கென்றே படித்தவர். இன்னொரு மருத்துவமனையில், மாடி மூலையறையில், மகள் விசாரித்துக் கண்டுபிடித்த இளம்பெண். முதலில் ஒரு பெரிய ஈயின் படத்தை வைத்து, போலராய்டு கண்ணாடி மாட்டிவிட்டு, “றெக்கையைப் பிடிங்க சார்” என்றாள். குழந்தைகள் அந்தரத்தில் கிள்ளுவார்கள், சிலது பயந்து கையை இழுத்துக்கொள்ளும். இவர் விரல் காகிதத்தில் போய் முட்டியது. ஈ எழும்பவில்லை.

அடுத்து அவள் செய்த சோதனைதான் அவரை அசத்தியது. தூரத்துத் திரையில் ஒற்றை எழுத்து. அறை விளக்கு எரியும்போது எழுத்து இரண்டாகத் தெரிந்தது. விளக்கை அணைத்தாள். கும்மிருட்டில் எழுத்து மட்டும் மின்ன, சில நொடிகளில் இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாயின. விளக்கைப் போட்டாள். மறுபடி பிரிந்தன.

காரணத்தையும் சொன்னாள். அவருடைய இடது விழித்திரையில் நடுப்பகுதிதான் இடம் பெயர்ந்திருக்கிறது. ஓரப்பகுதி பெருமளவு பழைய இடத்திலேயே இருக்கிறது. வெளிச்சத்தில் அறையின் சுவர், ஜன்னல், கதவு எல்லாம் ஓரப்பார்வையில் விழும். மூளை பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு ஓரங்களை ஒட்ட வைக்கும், நடு பிரிந்து நிற்கும். இருட்டில் ஓரமே இல்லை, நடு ஜெயித்துவிடும். அதனால்தான் இத்தகையவர்களுக்குப் பட்டகக் கண்ணாடி ஏமாற்றுகிறது. கண்ணாடியில் ஒட்டும் வரிவரியான ஃப்ரெனல் தாளை வைத்துக் காட்டினாள். ஒரு கணம் எழுத்து சேர்ந்தது. பிறகு ஓரங்கள் முரண்டு பிடித்துக் கண்ணையே திருப்பிக்கொள்ள, பழையபடி இரண்டாயிற்று.

நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸின் ‘தி மைண்ட்ஸ் ஐ’ புத்தகத்தை மகள் வாங்கிக் கொடுத்தாள். சாக்ஸ் நியூயார்க்கில் ஸ்டீரியோ படப் பிரியர்களின் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். 2005 கடைசியில் வலது கண்ணில் புற்றுக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டு, சிகிச்சைகளுக்குப் பின் 2009-இல் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, ஆழப் பார்வையை இழந்தவர். 2010-இல் வந்த அந்தப் புத்தகத்தில் தன் உலகம் தட்டையானதை எழுதியிருக்கிறார். மொழிபெயர்த்துச் சொல்ல மகள் பக்கத்தில் உட்கார, இவர் “ஆமா, ஆமா” என்று தலையாட்டினார். தனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை என்று தெரிவது பெரிய ஆறுதல். ஆனால் அவருடைய மூளை அதற்குள் வேறு ஒன்றில் இறங்கியிருந்தது.

இருட்டில் ஒற்றை எழுத்து சேர்கிறதென்றால், சின்னப் படம் சேராதா? அளவுகோல்தானே பிரச்சினை? மகனின் போனில் வீட்டு மாடியிலிருந்து தூரத்துக் கரட்டைப் படம் எடுத்து, சில அடி தள்ளிப் போய் இன்னொன்று எடுத்தார். ஜெராக்ஸ் கடையில் வலது கண்ணுக்கான படத்தை அப்படியே விட்டு, இடது கண்ணுக்கானதை மட்டும் நூற்று ஐந்து சதவீதம் பெரிதாக்கித் தீப்பெட்டி அளவுக்கு வெட்டினார். ஓரத்தைக் கறுப்புத் தாளால் மூடினார். டேராடூன் காலத்துச் சொந்தச் சொத்தான பாக்கெட் ஸ்டீரியோஸ்கோப்பைப் பரணிலிருந்து இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, இடது படத்தை மேலும் கீழுமாக நகர்த்தினார். நெடுநேரம் நழுவிக்கொண்டிருந்தது. பிறகு ஒட்டியது. கரடு எழும்பியது. நடுவில் அம்மி கொத்தியது மாதிரி சொரசொரவென்று, அரைகுறையாக. ஆனால் எழும்பியது. அடுத்த முறை ஆர்த்தோப்டிஸ்டிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினார். அவள் தன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “எனக்குத் தலைவலிக்குது சார்” என்றாள். அவளுடைய கண்கள் சரியான கண்கள், ஐந்து சதவீதம் பெருத்த படம் அவளுக்கு ஒத்துவருமா!

சுவரும் ஜன்னலும் உள்ள உலகத்தைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்ட முடியாது. இதை அவளும் சொன்னாள், அவருக்கும் தெரியும். அளவு மாற்றும் விசேஷக் கண்ணாடி உண்டு. தடிமனும் வளைவும் கூட்டிச் செய்வார்கள். ஆனால் நடுவுக்கு ஒரு அளவு, ஓரத்துக்கு ஒரு அளவு என்று அது பிரித்துக் கொடுக்காது. கடைசியில் அவள் கொடுத்த வைத்தியம், மேஜை டிராயரிலிருந்து எடுத்த சாட்டின் டேப். பளபளக்காத, லேசாகப் பால் கலந்தது போன்ற ஒட்டுநாடா. மூக்குக்கண்ணாடியின் இடது வில்லையில், கண் பாப்பாவுக்கு நேரே ஒரு துண்டு ஒட்டினாள். இடது கண்ணின் நடுப்பார்வை மட்டும் மங்கியது, ஓரப்பார்வை அப்படியே இருந்தது. ஒன்றேகால் உலகம் ஒன்றாயிற்று. ஆழம் கிடைக்கவில்லை, ஆனால் வரி ஒரே வரியாக நின்றது, முகம் ஒரே முகமாக. ஆறுக்கு ஒன்பது வாங்கிய கண்ணை ஒரு துண்டு டேப் போட்டு மூடுவதா என்று மனைவிக்குத்தான் மனசு ஆறவில்லை. “அவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணினது இதுக்குத்தானா?” என்று கேட்டார். ஓரம் இல்லாவிட்டால் இடப்பக்கம் வரும் ஆட்டோ தெரியாது, அதற்காகவாவது அந்தக் கண் வேண்டும் என்று இவர் விளக்க வேண்டியிருந்தது.

ஸ்கூட்டர் மச்சினனுக்குப் போனது. டிகாக்‌ஷனை டம்ளர் விளிம்பில் ஃபில்டரைத் தொட்டுக்கொண்டு ஊற்றக் கற்றுக்கொண்டார். வாசிக்க ஒரு கண்ணாடி, வெளியே போக ஒன்று, இரண்டிலும் டேப். போன மாதம் வெளியே போகும் கண்ணாடியின் கால் ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று தெருமுனை ஆப்டிகல்ஸில் கொடுத்தார். பையன் மரியாதை தெரிந்தவன். ஸ்க்ரூவை முடுக்கி, சொல்லாமலேயே வில்லையையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பளிச்சென்று நீட்டினான்.

“ஏதோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு தாத்தா, எடுத்துட்டேன். காசு வேணாம்.”

அவர் அதை மாட்டிக்கொண்டு, பையனின் இரண்டு முகங்களில் பெரியதைப் பார்த்து “தேங்க்ஸ்பா” என்றார். ஸ்டேஷனரி கடையில் அந்த டேப் எப்போதும் இருப்பதில்லை, பளபளக்கிற சாதா டேப்பைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இந்த முறை இருந்தது. இரண்டு சுருள் வாங்கிக்கொண்டார்.